முதல் மிதிக்குப் பிடிக்காத பிரேக்

திங்கட்கிழமை காலையில் காரின் கதவைத் திறந்ததுமே பாஜிலாவுக்குத் தெரிந்துவிட்டது, கொழுந்தன் ஷாஜித் கல்யாணத்துக்குப் போகவில்லை.

மதுரையில் நண்பனுக்குக் கல்யாணம் என்று சொல்லித்தான் சனிக்கிழமை வண்டியை எடுத்துப் போயிருந்தான். ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்து, கல்யாண வீட்டுச் சாப்பாடு என்று ஒரு பிரியாணிப் பொட்டலத்தையும் உம்மாவின் கையில் கொடுத்தான். ஆனால் கார் வேறு கதை சொன்னது. டாஷ்போர்டின் இடது மூலையில் எப்போதும் இருக்கும் கணவன் அப்சலின் அத்தர் குப்பி வலது மூலையில் இருந்தது. பின் சீட்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் மகள் ரிஸானாவின் தண்ணீர் பாட்டிலும் குடையும் டிக்கியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கால்மிதி விரிப்புகள் இடம் வலமாக மாறிக் கிடந்தன. கல்யாணத்துக்குப் போகிறவன் வண்டியில் ஆளை ஏற்றுவான், சாமானை ஏற்றுவான். இருந்ததையெல்லாம் இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஓட்டிக்கொண்டு போக மாட்டான்.

அவள் காரைச் சுற்றி வந்தாள். முன் சக்கரம் இரண்டிலும் கறுப்புப் பொடி அப்பியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணுக்கு இடும் சுர்மா போல ஒட்டியது.

“என்னட்டி, சக்கரத்தத் தடவிக்கிட்டு நிக்கே? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?” மாமியார் ஜெய்னப் வாசலில் இருந்து கேட்டார்.

“ஒண்ணுமில்ல மாமி. தூசி.”

“அதுக்குத்தான் சொல்லுதேன், பஸ்ல போன்னு. பஸ்ஸு தூசிய கண்டக்டர் பாத்துக்கிடுவான்.”

அந்தச் சிவப்புக் காரை அப்சல் ஓட்டியது ஒரே ஒரு விடுமுறையில்தான். ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போனவன் அங்கேயே இறந்து அடக்கமாகிவிட்டான். கணவனை இழந்தவள் வீட்டுக்குள் இருக்கும் இத்தா காலம் முடிந்து வெளியே வந்தபோது பாஜிலா முதலில் செய்த காரியம், கார் ஓட்டக் கற்றுக்கொண்டது. கடையநல்லூர்த் தறிகளில் இருந்து லுங்கியும் சேலையும் எடுத்துவந்து சங்கரன்கோவில் கடைகளுக்குப் போடுகிறாள். வண்டியைத் தவிர அவளுக்குப் பிழைப்புக்கு வேறு வழி இல்லை.

அன்று ரிஸானாவை ஏற்றிக்கொண்டு பூ மார்க்கெட் பக்கம் திரும்பும்போது முன்னால் ஒரு மொபெட் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பிச்சிப்பூ மூட்டை. மொபெட் திடீரென்று நின்றது. பாஜிலா பிரேக்கை மிதித்தாள். மிதி கல் போல இறுகியது, ஆனால் வண்டி நிற்கவில்லை. இரண்டு காலையும் சேர்த்து அழுத்தினாள். பயப்படும்படியான வேகம் ஒன்றுமில்லை, மாட்டுவண்டி வேகம்தான். இருந்தும் கார் தன்பாட்டுக்கு நகர்ந்துபோய் மூட்டையை இடித்தது. மூட்டை வாய் பிளந்து, பூ முழுவதும் பானட்டின் மேல் கொட்டியது.

மொபெட்காரர் இறங்கி வந்தார். முதலில் பானட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, எனக்கு மால போடணும்னா வீட்டுக்கு வந்து போடலாம்லா? நடுரோட்டுலயா போடணும்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாஜிலா கண்ணாடியை இறக்கினாள்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. பிரேக்கு பிடிக்கல.”

“பிடிக்காத வண்டியில எதுக்குத் தாயி பிள்ளைய ஏத்திக்கிட்டு அலையுத?” என்று கேட்டுவிட்டு அவர் பூவை அள்ளினார். அவளும் இறங்கி அள்ளினாள். ரிஸானா கண்ணாடிக்குள் இருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கடையநல்லூரில் இருந்து திரும்பும்போது அதே பிரேக் வேறு மாதிரி நடந்துகொண்டது. பயத்தில் வழியெல்லாம் மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், புளியங்குடி தாண்டி ஒரு லாரிக்குப் பின்னால் லேசாகத்தான் மிதித்தாள். வண்டி கொக்கி போட்டு இழுத்ததுபோல நின்றது. கூடவே சாணை பிடிக்கிற கிறீச்சொலி. ரோட்டோரம் மேய்ந்த ஆடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன. காலையில் பிடிக்காதது சாயங்காலம் ஏன் இப்படிப் பிடிக்கிறது? பழுதென்றால் எப்போதும் பழுதாக அல்லவா இருக்க வேண்டும்? யாரோ நேரம் பார்த்துத் தன்னோடு விளையாடுவதுபோல அவளுக்குத் தோன்றியது.

ஷாஜித் பஸ் ஸ்டாண்டு அருகில் செல்போன் சாமான் கடை வைத்திருக்கிறான். கடையடைத்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தவனிடம் நேராகவே கேட்டாள்.

“காரு பிரேக்க என்ன செஞ்ச?”

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். “ஒண்ணுமில்ல மைனி. பிரேக் பேடு தேஞ்சிருந்துச்சு, மாத்துனேன். புதுசுல்லா? செட்டாகணும். ரெண்டு நாள்ல சரியாயிரும்.”

குரல் மெதுவாக, பஞ்சில் சுற்றிய மாதிரி வந்தது. அந்த ‘ஒண்ணுமில்ல மைனி’யை அவள் இதற்கு முன்னால் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

அண்ணனும் தம்பியும் ஷார்ஜாவில் ஒரே அறையில்தான் இருந்தார்கள். ஒருநாள் காலையில் ஷாஜித் போன் செய்தான். ‘ஒண்ணுமில்ல மைனி, அண்ணனுக்கு லேசா காய்ச்சல். டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு.’ மத்தியானம் மறுபடி பேசினான். ‘ஆஸ்பத்திரியில சேத்திருக்கு மைனி. துஆ செய்ங்க.’ அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு குட்டி யானை வண்டி வந்து வாசலில் வாடகை நாற்காலிகளை இறக்கியது. ஜமாத்துக்காரர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். நாற்காலிகளைப் பார்த்துத்தான் பாஜிலா தெரிந்துகொண்டாள்.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் அது வழக்கம்தான். சாவுச் செய்தியை ஒரேயடியாகப் போடமாட்டார்கள். காய்ச்சல், ஆஸ்பத்திரி, துஆ என்று படிப்படியாக இறக்குவார்கள். அதை எல்லோரும் இரக்கம் என்றே நினைத்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்காமல் கணவனை இழந்தவளுக்கு அதில் மிச்சமானது ஒன்றுதான். கண்ணால் பார்க்காததை, கையால் தொடாததை, யார் சொன்னாலும் அவள் நம்புவதில்லை. மென்மையாகச் சொன்னால் இன்னும் நம்புவதில்லை.

மறுநாள் திருநெல்வேலி ரோட்டில், வண்டியை வழக்கமாகப் பழுது பார்க்கும் மாரிக்கண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அவன் ஒரு ஆட்டோவின் அடியில் படுத்திருந்தான். அவள் குரல் கேட்டதும் கால்கள் இரண்டும் அசைவதை நிறுத்தின.

“அக்காவா? தம்பி வரலையா?”

“தம்பி எதுக்கு? வண்டி ஓட்டுறது நான். என்ன பேடு போட்ட?”

மாரிக்கண்ணன் வெளியே வந்து கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

“நல்ல பேடுக்கா. எல்லாப் பேடையும் விட நல்ல பேடு. வெளிநாட்டுச் சரக்கு.”

“நல்ல பேடுன்னா ஏன் காலையில பிடிக்கல?”

“பிடிக்கும்க்கா. பழகணும்லா?”

“யாரு பழகணும்? நானா, பேடா?”

“ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போகணும்” என்று சொல்லி அவன் சிரித்தான். அவள் சிரிக்காததால் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

“பழைய பேடு எங்க?”

“தேஞ்சு போச்சுக்கா. தூக்கிப் போட்டாச்சு.”

“எங்க போட்ட?”

“எங்கன போட்டேன்...” அவன் தலையைச் சொறிந்தான். “எதுக்கும் தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்கக்கா.”

தூக்கிப் போட்டதற்குத் தம்பியை ஏன் கேட்க வேண்டும்? பாஜிலா அங்கேயே, ஒர்க்‌ஷாப் வாசலில் வைத்தே, டிக்கியைத் திறந்தாள். விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி டயரைப் புரட்டினாள். அடியில் ஷாஜித்தின் பழைய டீ-சர்ட் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவிழ்த்தாள். நான்கு பிரேக் பேடுகள். விரல் கனம் இருந்தன, தேய்ந்தே இருக்கவில்லை. ஆனால் உரசுகிற முகம் மட்டும் கண்ணாடி போலப் பளபளத்தது. ஓரமெல்லாம் கருகி, அடுப்பில் விழுந்த ரொட்டி மாதிரி வெடித்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். தீய்ந்த வாடை.

“இதான் தேஞ்ச பேடா?”

மாரிக்கண்ணன் ஆட்டோவுக்கு அடியில் மறுபடியும் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பொம்பளை வண்டி ஓட்டுவது மாமிக்குப் பிடிக்காது. வண்டியை விற்றுவிட்டால் இவள் வீட்டோடு இருப்பாள் என்று போன பெருநாளைக்கு வந்த உறவினர்களிடம் அவர் சொன்னதை அடுப்படியில் நின்று பாஜிலா கேட்டிருக்கிறாள். ஷாஜித் அப்போது பக்கத்தில் இருந்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணம் என்று பொய். தேயாத பேடைத் தேய்ந்தது என்று பொய். எடுத்ததை எறியாமல் ஒளித்து வைத்திருக்கிறான். பயந்து போய் அவளே சாவியைக் கொடுத்துவிடட்டும் என்று பார்க்கிறார்களா? பயம் மட்டும்தானா?

அந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ரிஸானாவுக்குக் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவன் அவன். ஆனாலும் ஒருமுறை வந்துவிட்ட கேள்வி போகவில்லை. சோற்றில் கல் கிடந்த மாதிரி ஒவ்வொரு வாய்க்கும் தட்டுப்பட்டது.

புதனும் வியாழனும் ரிஸானாவை ஆட்டோவில் பள்ளிக்கு அனுப்பினாள். தறிக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில், கார் இரவெல்லாம் நின்று குளிர்ந்திருந்த நேரத்தில், ஷாஜித்தைக் கூப்பிட்டாள்.

“பனவடலிசத்திரம் வரைக்கும் போகணும். கூட வா.”

“நான் வேணா ஓட்டுதேன் மைனி. நீங்க உக்காருங்க.”

“நீ உக்காரு.”

“இல்ல, ஜும்ஆவுக்கு முன்னால கடையில...”

“ஷாஜித்து. ஏறு.”

அவன் ஏறினான். வழக்கமாக ஊருக்குள் சீட் பெல்ட் போடாதவன், உட்கார்ந்ததும் போட்டான். அவள் அதைப் பார்த்தாள். தெருவைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறினாள். காலையில் ஆள் நடமாட்டம் குறைவு. வேண்டுமென்றே கொஞ்சம் வேகமெடுத்தாள். தூரத்தில் வேகத்தடை தெரிந்தது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. ரோட்டையும் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் ஷாஜித்தின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேகத்தடை இன்னும் வெகு தூரத்தில் இருக்கும்போதே அந்தக் கால் முன்னால் நீண்டு, கால்மிதி விரிப்பை அழுத்தியது. இல்லாத பிரேக்கை அவன் மிதித்துக்கொண்டிருந்தான். சாதாரணமாகப் பயப்படுகிறவன் வேகத்தடை அருகில் வரும்போது பயப்படுவான். இவன், எந்த இடத்தில் மிதிக்க ஆரம்பித்தால் இந்த வண்டி நிற்கும் என்று தெரிந்தவன் மாதிரி மிதித்தான்.

பாஜிலாவும் மிதித்தாள். அதே கல். அதே வழுக்கல். கார் வேகத்தடையில் ஏறிக் குதித்தது. அத்தர் குப்பி விழுந்து அவன் மடியில் உருண்டது.

“நீ மொதல்லயே மிதிச்சிட்ட” என்றாள்.

“மைனி?”

“ஒன் காலப் பாரு.”

அவன் பார்த்தான். கால் இன்னும் விரிப்பை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. மெதுவாக அதைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவள் காரை ஓரமாக ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். அதற்கும் மூன்று தடவை மிதிக்க வேண்டியிருந்தது.

“பிடிக்காதுன்னு தெரிஞ்சே எங்கிட்ட வண்டியக் குடுத்திருக்க. பின்னால எம்பிள்ளை இருந்தா. யாருக்காகடே இதச் செஞ்ச? உம்மாவுக்கா?”

“அல்லாவே! மைனி, என்ன பேசுதிய?” அவன் குரல் உடைந்தது. பஞ்சு எல்லாம் போய்விட்டது. “உம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சா என்னைய வெட்டிப் போட்டிருவா.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். போனது மதுரைக்கு இல்லை, கோயம்புத்தூருக்கு. அங்கே கார் பந்தயப் பாதை இருக்கிறது. பந்தயம் இல்லாத நாளில் நம் வண்டியையே கொண்டுபோய் ஓட்டலாம். யாரையும் முந்துவதற்கு இல்லை. ஹெல்மெட் போட்டு, வண்டியில் கிடக்கும் சாமானையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, வேண்டிய மட்டும் சுற்றலாம். ரமலானுக்கு முன்னால் ஒருதடவை போனபோது கம்பெனி பேடோடுதான் போயிருக்கிறான்.

“நாலஞ்சு ரவுண்டுதான் மைனி. பேடு காஞ்சு புகை வந்திருச்சு. மிதிச்சா பஞ்ச மிதிச்ச மாதிரி உள்ள போகுது. மண்ணுல எறக்கித்தான் நிறுத்துனேன். ஆறுனதும் ஊருக்குள்ள ஓட்டுற அளவுக்குப் பிடிச்சுது. அதுக்குப் பொறவுதான் இந்த ரேஸ் பேடு வாங்கி, போன சனிக்கெழம போறப்ப மாட்டுனேன். எவ்வளவு சூடானாலும் அசராது. ஆனா சூடு ஏறுனாத்தான் பிடிக்கும்னு கடைக்காரன் அப்பவே சொன்னான்.”

“சொன்னானா?”

“சொன்னான். நானும் மாரிக்கண்ணனும் யோசிச்சோம். நம்மூரு வெயில்ல பானட்டுல முட்ட பொரிக்கலாம். பேடு எப்பவும் சூடாத்தான இருக்கப்போகுதுன்னு...”

பாஜிலா அவனைப் பார்த்தாள். ஷார்ஜா வெயிலில் பத்து வருஷம் நின்றவன். வெயில் என்றால் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்திருக்கிறான்.

“பொறவு?”

“அந்தச் சூடு பத்தல மைனி. வேற சூடு அது. நல்லா மிதிச்சு மிதிச்சு ஏத்தணும். கோயம்புத்தூர்ல மொத ரவுண்டுலயே தெரிஞ்சு போச்சு.”

“ஞாயித்துக்கெழம தெரிஞ்சவன் திங்கக்கெழம காலையில சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா எங்க போனேன்னு கேப்பியள்ளா? கழட்டி மாட்ட ஒருநாளு வேணும். பழசு கருகிக் கெடக்கு. நீங்க மெதுவாத்தான ஓட்டுவிய, சமாளிச்சிரலாம்னு...” அத்தர் குப்பியை மடியில் இருந்து எடுத்துத் துடைத்தான். “அண்ணனும் நானும் ரூம்ல படுத்துக்கிட்டு இதத்தான் பேசுவோம். லீவுல வரும்போது ரெண்டு பேரும் இந்த வண்டிய அங்க கொண்டு போகணும்னு.”

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை பாஜிலா காத்திருந்தாள்.

“ஒண்ணு கேக்கேன். சுத்தி வளைக்காம சொல்லு.”

“கேளுங்க மைனி.”

“அன்னைக்குக் காலையில காய்ச்சல்னு சொன்னியே. அப்ப அவரு இருந்தாரா?”

ஷாஜித் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். அந்த மென்மையான குரல் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

“இல்ல மைனி. பஜ்ரு தொழுகைக்கு எழுப்புனேன். எந்திரிக்கல. தொட்டா சில்லுன்னு இருந்தாரு.”

அவள் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தபடி இருந்தாள். அன்று முழுவதும், காலையில் இருந்து நாற்காலி வரும்வரை, அவள் இறந்துபோன மனிதனுக்குச் சுகம் கேட்டு துஆ செய்துகொண்டிருந்திருக்கிறாள். கஞ்சி குடித்தாரா என்றுகூட மத்தியானம் கேட்டாள். குடித்தார் என்று இவன் சொன்னான்.

“கஞ்சி குடிச்சாருன்னு சொன்ன.”

“சொன்னேன்” என்றான். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

அவள் காரை எடுத்தாள். திருப்பாமல் பனவடலிசத்திரம் வரைக்கும் ஓட்டினாள். ஆளில்லாத இடங்களில் வேகமெடுத்து, மிதித்து, மறுபடி வேகமெடுத்து, மறுபடி மிதித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரேக் உயிர் பெற்றது. சத்திரத்தை எட்டும்போது நன்றாகப் பிடித்தது. காருக்குள் தீய்ந்த வாடை வந்தது. அவன் சொன்னதில் இந்த ஒரு பகுதியாவது உண்மை என்று அவளுடைய காலுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பேசினாள்.

“ரெண்டுக்கும் ஆகுற மாதிரி பேடு கெடையாதா?”

“இருக்கு மைனி. நடுவாந்தரமா ஒண்ணு. அங்கயும் கொஞ்சம் தாங்கும், இங்கயும் கொஞ்சம் பிடிக்கும். அதப் போட்டுருவோமா?”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

அவன் அத்தர் குப்பியை டாஷ்போர்டில் வைத்தான்.

“பூக்காரருக்கு முன்னால கொஞ்சம் பிடிச்சா அவரு என்ன ஆவாரு? லுங்கிக்கும் ஆகும், கல்யாணச் சேலைக்கும் ஆகும்னு ஒரு துணியக் கொண்டா, எங்கிட்ட ஒருத்தன் வாங்க மாட்டான்.” வண்டியைத் திருப்பினாள். “எனக்குக் கம்பெனி பேடு, புதுசு. இன்னைக்கே மாட்டணும், நான் பக்கத்துல நிப்பேன். ஒனக்கு ஒன் பேடு. அத கோயம்புத்தூர்ல போயி மாட்டு, அங்கயே கழட்டிட்டு வா. திரும்பி வந்ததும் சக்கரத்தக் கழட்டி எனக்குக் காட்டணும்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்.”

“என்னைய நம்ப மாட்டியளா மைனி?”

“பேடு சூடாகட்டும், பாப்போம்” என்றாள். “உம்மாகிட்டயும் நீயே சொல்லிரு.”

உம்மாவிடம் அவன் சொன்ன அன்று வீட்டில் உலை ஏறவில்லை. ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தது போதாதா என்று ஜெய்னப் மாமி அழுதார். பிறகு, அந்தப் பிரியாணி எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

அடுத்தமுறை அவன் கோயம்புத்தூர் போனது மழைக்காலத்துக்கு முன்னால். ரேஸ் பேடு ஒரு பெட்டியில், ஜாக்கியும் ஸ்பேனரும் இன்னொரு பெட்டியில். பாஜிலா இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தாள். மத்தியானம் சோற்றைப் போட்டு உட்கார்ந்தபோது போன் அடித்தது. ஷாஜித்.

“மைனி, வண்டி பாதை ஓரத்து டயர் அடுக்குல இடிச்சிருச்சு. முன் பம்பர் ஒடஞ்சு போச்சு. எனக்கு அடி இல்ல.”

மூன்று வாக்கியம், ஒரே மூச்சில். குரல் கரகரவென்று, இரைக்க இரைக்க இருந்தது. பாஜிலா எழுந்துவிட்டாள். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

“பிரேக்கு?”

“பிடிச்சுது மைனி. நல்லாப் பிடிச்சுது. நான்தான் லேட்டா மிதிச்சேன்.”

“வீடியோவுல வா.”

அவன் வந்தான். தலைமுடி வேர்வையில் ஒட்டியிருந்தது. பின்னால் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். மாமியும் ரிஸானாவும் அவளுடைய தோளுக்கு இரண்டு பக்கமும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“கையத் தூக்கு” என்றாள் பாஜிலா.

தூக்கினான்.

“அடுத்த கை.”

“மைனி, எல்லாரும் பாக்காங்க.”

“பாக்கட்டும். நடந்து காட்டு.”

அவன் போனை யாரிடமோ கொடுத்துவிட்டு, உடைந்த பம்பருக்கு முன்னால் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு நடந்தான். பாஜிலா கண்ணை எடுக்காமல் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்பத் திரும்பி நட” என்றாள்.